தாழ்ந்த பட்டை, ஓய்ந்த ஷாக்: மலையில் ஓடும் பழைய ஜீப்பின் அடிப்பாகம்

ஜவ்வாது மலையில் ஓடும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டால், பட்டறையில் முதலில் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: “இன்னொரு பட்டை சேத்துக் கட்டிடலாம், ஏறிக்கும்.” செலவு குறைவு, அரை நாளில் வேலை முடியும், வண்டியும் கண்ணெதிரே உயர்ந்து நிற்கும். போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ ஜமுனாமரத்தூருக்கு ஏறி இறங்கும் வண்டிக்கு இந்த யோசனை பெரும்பாலும் தவறானது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஓய்ந்துபோனது ஷாக் அப்சார்பராக இருக்கும். வேலை நடப்பதோ பட்டையில், அதாவது லீஃப் ஸ்பிரிங்கில். விறைப்பேறிய பட்டையை அடக்க முடியாமல் அந்த ஷாக் இன்னும் சீக்கிரம் சாகும். இறக்கத்தில் சக்கரம் தரையைப் பிடிக்காத நேரம் கூடும். முதலில் அளக்க வேண்டும், அடுத்து ஷாக்கைச் சோதிக்க வேண்டும், பட்டையில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.

இங்கே பேசப்படுபவை மகிந்திராவின் எம்.எம். 540, 550, மேஜர் போன்ற ஜீப்புகளும், மாருதி ஜிப்சியும், 2010இல் வந்த முதல் தலைமுறைத் தாரும். ஜீப்புகளுக்கும் ஜிப்சிக்கும் நான்கு சக்கரத்திலும் பட்டை. அந்தத் தாரின் சி.ஆர்.டி.இ. வகைக்குப் பின்னால் பட்டை, முன்னால் முறுக்கத்தால் எடை தாங்கும் கம்பியான டார்ஷன் பார். பாகங்களின் பெயர் மாறினாலும் கீழே சொல்லும் நியாயம் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பட்டையின் வேலை எடையைத் தாங்குவது. மேட்டில் ஏறும் சக்கரத்துக்கு வளைந்து இடம் கொடுப்பது. வளையும்போது அது சக்தியை விழுங்குகிறது, ஆனால் விழுங்கியதைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. அடுத்த நொடியே திருப்பித் தந்துவிடும். அப்படித் திரும்பி வரும் சக்தியைப் பிடித்து எண்ணெயில் வெப்பமாக மாற்றிக் கரைப்பது ஷாக்கின் வேலை. ஷாக் இல்லையென்றால் வண்டி தள்ளிவிட்ட ஊஞ்சல் போலத் தானாக ஓயும்வரை ஆடிக்கொண்டிருக்கும். வண்டியின் எடையால் பட்டை 10 செ.மீ. அமுங்கியிருந்தால் அந்த ஆட்டம் நொடிக்கு ஒன்றரைத் தடவைக்குச் சற்று மேல், 6 செ.மீ. மட்டுமே அமுங்கும் விறைப்பான பட்டையானால் இரண்டு தடவை. அதாவது விறைப்பு ஆட்டத்தை ஒழிப்பதில்லை, வேகப்படுத்துகிறது. உடம்பு மெதுவாக அசைவதைக் காட்டிலும் சட்டென்று உதறப்படுவதையே நாம் “வண்டி தூக்கிப் போடுது” என்கிறோம். பட்டை சேர்த்த வண்டியில் சில வாரம் கழித்து ஓட்டுநர் சொல்லும் குறையும் பெரும்பாலும் இதுதான்.

ஷாக்குக்கு இன்னொரு வேலை உண்டு. மலையில் அதுதான் முக்கியம். வண்டியின் உடல் ஆடுவது ஒரு ஆட்டம். டயருக்கும் பட்டைக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ஆக்சில் தனியே துள்ளுவது வேறொரு ஆட்டம். கனமான ஆக்சில் உள்ள ஜீப்பில் இது நொடிக்குப் பத்துத் தடவை அளவில் நடக்கும். குக்கிராமங்களுக்குப் பிரியும் மண் சாலைகளில் விழும் வரிவரியான மேடுபள்ளத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே 60 செ.மீ. என்று வைத்தால், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும் சக்கரம் நொடிக்கு ஒன்பது தடவைக்கு மேல் அடி வாங்குகிறது. ஆக்சிலின் இயல்பான துள்ளலோடு இந்தக் கணக்கு ஏறத்தாழ ஒத்துப்போவதால் ஒவ்வொரு அடியும் முந்தைய துள்ளலோடு சேர்ந்து பெருகுகிறது. இந்த வரிகள் எங்கே விழும் என்பதைக் கவனித்தால் ஆபத்து இன்னும் தெளிவாகும். எல்லா வண்டியும் எங்கே பிரேக் பிடிக்கிறதோ, எங்கே வேகம் கூட்டுகிறதோ அங்கேதான் சாலை வரிவரியாகும்: வளைவுக்குச் சற்று முன்னால், வளைவு முடிந்த கையோடு. சக்கரம் தரையை விடாமல் பிடித்திருக்க வேண்டிய அதே இடத்தில்தான் அதைத் துள்ளவைக்கும் தரையும் இருக்கிறது. துள்ளும் சக்கரத்துக்கு எவ்வளவு நல்ல பிரேக் போட்டும் பயனில்லை. அந்தரத்தில் நிற்கிற டயர் வண்டியை நிறுத்தாது. ஆகவே ஓய்ந்த ஷாக்கைச் சொகுசுக் குறையாக எண்ணுவது தவறு. அதைப் பிரேக் குறையாகவே பார்க்க வேண்டும்.

ஃபோர் வீலில் போட்டு ஏறும்போது இன்னொரு சேதமும் சேர்கிறது. இந்த வண்டிகளில் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுக்கமாகப் பூட்டிவிடும். துள்ளிய சக்கரம் காற்றில் வேகமெடுத்து, திரும்பத் தரையில் இறங்கும் கணத்தில் சடக்கென்று பிடிபடும். அந்த உதறல் நேரே புரப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்டுக்கும் டிஃபரன்ஷியல் பல்லுக்கும் போய்ச் சேரும். கிராஸ் ஜாயிண்ட் அடிக்கடி போகிறது என்று அதையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை ஷாக்கையும் கழற்றிப் பார்ப்பது நல்லது.

இனிப் பட்டை சேர்க்கும் கணக்கு. ஒரே கனமும் ஏறத்தாழ ஒரே நீளமும் உள்ள ஐந்து பட்டையோடு ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. பட்டறையில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வேறு கனமான வண்டியிலிருந்து கழற்றிய பட்டை. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும் என்பதை அங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 6 மி.மீ. பட்டைகளுக்கு நடுவே 8 மி.மீ. பட்டை ஒன்றைச் செருகினால், அந்த ஒன்றே இரண்டுக்கும் மேற்பட்ட பழைய பட்டைகளுக்குச் சமம். மொத்த விறைப்பு ஏறத்தாழ பாதிப் பங்கு கூடிவிடும். அப்போது நல்ல நிலையில் உள்ள ஷாக்கும்கூட, ஆட்டத்தை அடக்குவதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வலிமை இழந்ததுபோல் ஆகிவிடும். ஏற்கெனவே ஓய்ந்த ஷாக்கின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கனப் பட்டை வளைய மறுப்பதால் அதன் பங்குச் சுமையை அருகிலுள்ள மெல்லிய பட்டைகள் சமமாகப் பகிர முடியாமல், அதன் நுனி உரசும் இடத்தில் மெயின் பட்டை விரிசல் விடுவதும் உண்டு. மெயின் பட்டைதான் ஆக்சிலைச் சேசிஸோடு பிடித்து வைத்திருக்கிறது. அது மலை இறக்கத்தில் ஒடிந்தால் ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்து, ஸ்டியரிங் பிடித்த பக்கம் வண்டி போகாது.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது: மலையில் வண்டி காலியாக ஓடுவதில்லை. சாமை மூட்டை, புளி, பலாப்பழம் இறங்க வேண்டும். சிமெண்டும் உரமும் ஏற வேண்டும். பேருந்து போகாத ஊர்களுக்கு ஆட்களும் இதே வண்டியில்தான் போக வேண்டும். பாரத்துக்குத் தக்க பட்டை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் பட்டை சேர்த்தால் பட்டை மட்டுமே வலுக்கிறது. ஆக்சில் ஹவுசிங், வீல் பேரிங், டயர், பிரேக் டிரம் எதுவும் வலுப்பதில்லை. தாழ்ந்த பின்பக்கம் “இதற்கு மேல் ஏற்றாதே” என்று சொல்லிக்கொண்டிருந்தது; பட்டை சேர்த்ததும் அந்த அடையாளம் மறைந்து, பாரம் இன்னும் கூடுகிறது. 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்டத்துப் புதூர் நாடு மலைப்பகுதியில், கோயிலுக்குப் போனவர்களை ஏற்றிச் சென்ற வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பட்டையோ ஷாக்கோ காரணம் என்று சொல்ல இங்கே இடமில்லை. இந்த மலைச் சாலை, கட்டுப்பாடு இழந்த வண்டிக்கு இரண்டாவது வாய்ப்புத் தருவதில்லை என்பதற்காக மட்டுமே அதை நினைவூட்டுகிறேன். தினமும் பாரம் அடிக்கும் வண்டியானால், தயாரிப்பாளரே பாரத்துக்கென்று தரும் கனரகப் பட்டைத் தொகுப்பு இருக்கிறதா என்று கேட்டு, அதற்கென்று அளந்த ஷாக்கோடு சேர்த்து மாற்றுங்கள். எப்போதாவது பாரம் ஏற்றுபவருக்கு நல்ல நிலையில் உள்ள அசல் பட்டையே போதும். அதற்கு மேல் உள்ளதை இரண்டு நடையாக இறக்கலாம்.

இரண்டாவது மறுப்பு அனுபவசாலி மெக்கானிக்குகளிடமிருந்து வரும். பட்டைக்குள்ளேயே உராய்வு இருக்கிறது, ஒன்றோடொன்று தேயும்போது ஆட்டம் தானாக அடங்கும், பழைய ஜீப்புக்கு ஷாக் பெயருக்குத்தான் என்பார்கள். இதில் பாதி உண்மை. அடுக்குப் பட்டையில் உராய்வு உண்டு, அது கொஞ்சம் அடக்கவும் செய்யும். ஆனால் அந்த உராய்வு வேகத்தைப் பார்ப்பதில்லை. சின்னக் கல்லில் ஏறும்போது பட்டைகள் நகரவே மறுத்து அடியை அப்படியே சேசிஸுக்கு அனுப்பும். பெரிய பள்ளத்தில் விழும்போது தேவையான அளவு தடுக்காமல் விட்டுவிடும். எண்ணெய் ஷாக் இதற்கு நேர்மாறு: மெதுவாக அசைந்தால் லேசாகவும் வேகமாக அசைந்தால் பலமாகவும் தடுக்கும். துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட பட்டையில் உராய்வு இன்னும் கூடி, பட்டை பட்டையாகவே வேலை செய்யாது. இந்த வாதத்துக்கு ஜீப்பின் பிறப்பே பதில் சொல்கிறது. இரண்டாம் உலகப் போருக்காக 1941இல் வில்லிஸ் தயாரித்த ஜீப், எதையெல்லாம் குறைக்கலாமோ அதையெல்லாம் குறைத்துச் செய்த வண்டி. கதவுகூட இல்லாத அந்த வண்டியிலும் நான்கு பட்டைத் தொகுப்போடு நான்கு எண்ணெய் ஷாக்கை விட்டுவைத்தார்கள். போருக்குப் பின் மகிந்திரா இங்கே பூட்டி விற்ற ஜீப்புகள் அந்த வழியில் வந்தவையே.

இனி அளவு. இதில் அவசரம் கூடாது, ஏனென்றால் பின்னால் எடுக்கும் எல்லா முடிவும் இதன் மேல்தான் நிற்கும். சமதளமான சிமெண்ட் தரையில் வண்டியைக் காலியாக நிறுத்துங்கள்; நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். முன்னும் பின்னும் சில அடி உருட்டி, பிரேக் பிடிக்காமல் தானாக நிற்கவிடுங்கள், அப்போதுதான் பட்டை இயல்பான நிலைக்கு வரும். ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்புவரை உள்ள உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதோடு சேசிஸிலிருந்து ஆக்சில்வரை உள்ள இடைவெளியையும் எழுதுங்கள். பழைய வண்டியில் பாடியே ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம், மட்கார்டு அளவு ஏமாற்றும். இடதுக்கும் வலதுக்கும் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பட்டையில் சந்தேகப்பட இடமுண்டு. அடுத்து முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம்வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைந்திருந்தால், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

பிறகு பட்டைக்குக் கீழே குனிந்து பாருங்கள். பட்டையின் இரண்டு கண்ணுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நடு வளைவு எவ்வளவு என்று தெரியும். இடமும் வலமும் ஒப்பிடலாம். அடுத்தடுத்த பட்டைகளின் இடுக்கில் செம்மண் அடைந்திருக்கும். அதைக் கம்பித் தூரிகையால் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டு, சில நாள் ஓட்டியபின் மறுபடி பாருங்கள். சுத்தம் செய்த இடத்தில் ஒரே ஒரு புள்ளியிலிருந்து மெல்லிய செம்பழுப்புப் பொடி கோடாக வழிந்திருந்தால் அது சாலை மண் அன்று. உள்ளே விரிசல் விட்ட பட்டையின் இரண்டு முகமும் ஒன்றையொன்று தேய்த்து உதிர்க்கும் துரு அது. விரிசல் பெரும்பாலும் சென்டர் போல்ட் துளையை ஒட்டியோ கிளிப் பிடிக்கும் இடத்திலோ தொடங்கும். பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதும் பேசும்: பட்டை தட்டையாகித் தளர்ந்துவிட்டால் அதன் நீளம் கூடி, ஷேக்கிள் வெளிப்பக்கம் படுத்துவிடும். இந்தச் சோதனைகளில் பட்டை தேறிவிட்டால், வண்டி அசல் உயரத்தில் நின்றால், பட்டைக்கு மாற்று வேண்டாம். மலையில் நடக்கும் பட்டை மாற்று வேலைகளில் நிறையத் தேவையற்றவை என்பது என் துணிபு.

ஷாக்கைச் சோதிக்க, வண்டியின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணும் வழக்கம் காருக்குச் சரி. விறைப்பான பட்டை உள்ள ஜீப்பை ஓர் ஆள் எவ்வளவு அமுக்கினாலும் ஷாக் நகரும் தூரம் சொற்பம். அந்தச் சோதனை ஓய்ந்த ஷாக்கையும் தேற்றிவிடும். இன்னும் நம்பகமான வழி வெப்பம். கரடுமுரடான சாலையில் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தியதும் நான்கு ஷாக்கின் உடலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும் என்பதால் மெதுவாக. வேலை செய்த ஷாக் சுட வேண்டும். மூன்று சுட்டு ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த ஒன்று வெறும் குழாய். கடைசிச் சாட்சி கழற்றிப் பார்ப்பதுதான். கீழ்ப்பக்க நட்டைக் கழற்றி, ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, முழுதாக இழுத்து முழுதாக அமுக்குங்கள். தடை முழு நீளத்துக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். இழுக்கும்போது அமுக்குவதைவிட அதிகமாக இருக்கும், அது இயல்பு. நடுவில் ஓரிடத்தில் கை வெறுமனே நழுவினால் எண்ணெய் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. ராடில் துருக் குழிகள் இருந்தால் அவை ஒவ்வொரு அசைவிலும் சீலைக் கிழித்துக்கொண்டிருக்கும். இன்று கசியாவிட்டாலும் அடுத்த மழைக்காலத்துக்குள் கசியும். உடலில் லேசான ஈரப்பதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். எண்ணெய் வழிந்து, அதில் தூசு ஒட்டிக் களிம்பாகத் திரண்டிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். டயரின் தோலும் உதவும்: சுற்றிலும் அலை அலையாக, குழி குழியாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரம் நெடுநாளாகத் துள்ளிக்கொண்டிருக்கிறது.

ஷாக்கை எப்போதும் ஆக்சிலுக்கு இரண்டாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இழுக்கும். வாங்கும்போது பலரும் பார்ப்பது கம்பெனிப் பெயரை. அதற்கு முன் பார்க்க வேண்டியது நீளம். ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது மேல் கண்ணிலிருந்து கீழ்க் கண்வரை எவ்வளவு, பம்ப் ஸ்டாப்பில் முட்டும்போது எவ்வளவு என்று இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். புதிய ஷாக்கின் விரிந்த நீளம் முதல் அளவைவிடக் கூடுதலாகவும், மூடிய நீளம் இரண்டாவதைவிட ஓரிரு செ.மீ. குறைவாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் பம்ப் ஸ்டாப் வாங்க வேண்டிய அடியை ஷாக்கின் அடிப்பாகம் வாங்கிப் பிதுங்கிவிடும். கேஸ் ஷாக் அவசியமா என்பது இன்னொரு கேள்வி. சாதா ஷாக்கில் எண்ணெயோடு காற்றும் இருப்பதால் தொடர்ந்த குலுக்கலில் எண்ணெய் நுரைத்து, தடை தளரும். நைட்ரஜன் அடைத்ததில் அது குறைவு. நீண்ட மண் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு அந்தக் கூடுதல் செலவு தகும். வாரம் ஒருமுறை மலை ஏறும் வண்டிக்கு நல்ல சாதா ஷாக்கே போதும். தரமான ஷாக்குக்கு இறக்குமதிதான் கதி என்பதும் இல்லை: 1961 முதல் இருக்கும் கேப்ரியல் இந்தியா நிறுவனத்துக்குப் பக்கத்து ஓசூரிலேயே தொழிற்சாலை உண்டு. பில்லோடு வாங்குங்கள், அட்டைப் பெட்டியை நம்பிப் போலியை வாங்காதீர்கள். ராடுக்கு மேல் தூசு மறைப்பு இருக்கிற வகையே இந்தச் செம்மண்ணுக்கு ஏற்றது.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் புரப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிவிட்டால், ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையில் உள்ள சக்கரம் எதிர்ப்பக்கம் உருளும்; வண்டி நகரும். ஆகவே ஹேண்ட் பிரேக்கை நம்பாமல், தரையில் உள்ள சக்கரங்களுக்கு இரு பக்கமும் மரக்கட்டை வையுங்கள். சேசிஸுக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டு நிறுத்துங்கள். ஹாலோ பிளாக்கும் கருங்கல்லும் ஸ்டாண்டு ஆகாது. முதல் நாளே எல்லா நட்டுக்கும் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டால் பாதி வேலை சுலபம். ஒரு பக்கத்தை முழுதாக முடித்தபிறகே மறு பக்கத்தைக் கழற்ற வேண்டும், அப்போதுதான் ஆக்சில் தன் இடத்தில் இருக்கும். ஆக்சிலைத் தனி ஜாக்கியால் தாங்குங்கள். அதன் எடை பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. கழற்றும் பட்டையில் இடம், வலம், முன், பின் என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவிடுங்கள். வில்லிஸ் காலத்து ஜீப்பிலேயே முன்பக்க இடது பட்டையும் வலது பட்டையும் ஒன்றல்ல; மாற்றிப் போட்டால் வண்டி சாய்ந்து நிற்கும்.

பூட்டும்போது நடக்கும் பிழைகளில் இரண்டு மிகப் பரவலானவை. ஒன்று, பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டில் பழையதையே திரும்பப் போடுவது. முறுக்கியபின் ஒருமுறை நீண்ட யூ போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது; பட்டை வேலை செய்தால் யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் புதிது என்பதை விதியாகவே கொள்ளுங்கள். மற்றது, ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிள் போல்ட்டை வண்டி தொங்கும் நிலையிலேயே முழுதாக இறுக்குவது. அப்படி இறுக்கினால் சக்கரம் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, சில மாதத்தில் கிழிந்துவிடும். நட்டைக் கையிறுக்கமாக விட்டு, சக்கரத்தைப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை குலுக்கிவிட்டு, எடை பட்டையில் இருக்கும் நிலையிலேயே டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். கிரீஸ் நிப்பிள் உள்ள பழைய ஷேக்கிளுக்கு இந்தக் கவலை இல்லை, அதற்குத் தவறாமல் கிரீஸ் வேண்டும். பட்டைகளுக்கு இடையே கிராஃபைட் கிரீஸை மெல்லிய பூச்சாக மட்டும் தடவுங்கள். எண்ணெயை ஊற்றினால் செம்மண் துகள் அதில் ஒட்டிச் சாணைக்கல்லாக மாறும்.

பழைய பட்டையையே வளைத்து எடுப்பது பற்றியும் கேட்பார்கள், காரணம் செலவு. பட்டைக்கு வலு தருவது அதன் வெப்பப் பதம். ஏறத்தாழ 850 டிகிரியில் சூடாக்கி எண்ணெயில் தோய்த்து, பிறகு அளவான சூட்டில் பதப்படுத்திய உருக்கு அது. திறந்த உலையில் கண்மதிப்பாகக் காய்ச்சி வளைத்தால் அந்தப் பதம் கெட்டு, சில மாதத்தில் மறுபடி தாழும், அல்லது ஒடியும். காய்ச்சாமல் சுத்தியலால் அடித்து வளைத்தது ஓரளவு நிற்கும். விரிசல் இல்லாத பட்டைக்கு, புதிய தொகுப்பு வாங்கும்வரையான இடைக்கால ஏற்பாடாக மட்டும் அதை ஏற்கலாம். மெயின் பட்டைக்கு அதுவும் வேண்டாம்.

மலைக்கு உயரம் நல்லதுதானே, இரண்டு அங்குலம் தூக்கினால் பாறை தட்டாது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தூக்கிய வண்டியின் எடை மையமும் மேலே போகும். ஹேர்பின் வளைவில் அதுவே பகை. புரப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி அதிர்வு வரும், ஷாக் நீளம் போதாமல் ஆக்சிலுக்குக் கயிறாகும், பின் ஆக்சிலோடு இணைத்த பிரேக் வால்வு உள்ள வண்டிகளில் பின் பிரேக்கின் பங்கே மாறிவிடும். தாரின் டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கி முன்பக்கத்தை ஏற்றுவதும் இதே வகை: பாருக்குப் புது வலு வருவதில்லை, சக்கரம் கீழே இறங்கும் தூரம்தான் குறைகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை வலியுறுத்தியது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

வேலை முடிந்த வண்டியின் நான்கு உயரத்தையும் மறுபடி அளந்து, பழைய அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். புதிய பட்டை முதல் சில வாரத்தில் கொஞ்சம் தணிந்துதான் நிற்கும். அதைக் குறையென்று எண்ண வேண்டாம். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஆக்சிலைத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடவில்லை என்று பாருங்கள். முன்பக்கம் வேலை செய்திருந்தால் வீல் அலைன்மெண்டும் செய்துவிடுங்கள். புதிய யூ போல்ட் முதல் ஓட்டத்திலேயே சற்றுத் தளரும். அதனால் அடிவாரச் சாலையில் காலி வண்டியாக 100 கி.மீ. ஓட்டி, யூ போல்ட் நட்டு எல்லாவற்றையும் மறுபடி அளவாக முறுக்குங்கள், 500 கி.மீ. ஆனதும் இன்னொரு தடவை. முதல் முறுக்கு முடியும்வரை பாரம் ஏற்றியோ ஆள் ஏற்றியோ மலை இறங்க வேண்டாம்.